கதவுக்கு என்ன பூசுவது

வீட்டில் எல்லாவற்றையும் என் மச்சான்தான் தேர்ந்தெடுத்தார். என் மனைவியின் அண்ணன். திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறார். யாரிடமும் பேசத் தெரிந்தவர். அரசாங்கத்தின் வீடு கட்டும் உதவிக்கு எழுதிப் போட்டது, அதற்காகப் படியேறி இறங்கியது, மேஸ்திரியைப் பிடித்தது, செங்கல் சூளைக்காரனிடம் சண்டை போட்டது எல்லாம் அவர். நான் விழுப்புரத்தில் தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் பேசினார், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்காக அவர் பேசியதற்கு ஈடாக, ஜன்னல் எங்கே வர வேண்டும், அடுப்படி எந்த மூலை, தரைக்கு என்ன டைல்ஸ், சுவருக்கு என்ன வண்ணம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். சுவர் ரோஸ் நிறம். எனக்கு அந்த நிறம் பிடிக்காது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கதவை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசல் கதவு என் இஷ்டம் என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மச்சான் சிரித்தார். "சரி மாப்ள, கதவு ஒன்னுதானே, நீயே பாத்துக்கோ" என்றார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் பைபாஸ் ஓரமாக, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற பழைய மரக்கடை ஒன்று இருக்கிறது. உத்திரம், தூண், ஜன்னல் கம்பி, மரப்படி எல்லாம் வெயிலில் கிடக்கும். அங்கேதான் அந்த ரெட்டைக் கதவைப் பார்த்தேன். இரண்டு கதவும் சுவரில் சாய்ந்து நின்றன. மேலே பிரவுன் பெயிண்ட், பல இடங்களில் செதில் செதிலாக உரிந்து, உள்ளே பச்சை தெரிந்தது. ஒவ்வொரு கதவின் தலையிலும் ஒரு கிளி செதுக்கியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வலது பக்கக் கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. கடைக்காரர் நகத்தால் கீறிக் காட்டினார், தேக்கு. எந்த ஊர், யார் வீடு என்று கேட்டேன். சொன்னார்.

அந்த வீடு எனக்குத் தெரியும். என் அம்மா அந்த வீட்டில்தான் மாட்டுக்கொட்டகை கூட்டி, சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். போவதும் வருவதும் பின்பக்கச் சந்து வழியாக. வாசல் கதவை நாங்கள் தெருவிலிருந்து பார்த்திருக்கிறோம், அதுவும் தூரத்திலிருந்து. அப்போது அது பச்சையாக இருந்தது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், பாகம் பிரித்தார்கள், இடித்துவிட்டார்கள் என்றார் கடைக்காரர். கேட்ட காசைக் கொடுத்தேன். குட்டியானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்துக் கதவுகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தேன். அது எந்த வீட்டுக் கதவு என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமையை வெளியே சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

பெயிண்டை எடுப்பதற்குக் கடைக்காரர்தான் வழி சொல்லியிருந்தார். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மைதா மாவைக் கூழ் போல் காய்ச்சிக் கலந்து, கதவில் அப்பிவிட வேண்டும். சற்று நேரத்தில் பெயிண்ட் வெந்து சுருங்கும். இரும்புப் பட்டையால் வழித்தெடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மண்டி வேலை முடிந்து வந்து, வீட்டின் முன்னால் தெருவிலேயே கதவைப் படுக்க வைத்து, பொழுது இருக்கும் வரை சுரண்டுவேன். பிரவுன் போனது. பச்சை போனது. அதற்குக் கீழே ஒரு நீலம். நீலத்துக்குக் கீழே வெள்ளையாக ஏதோ சுண்ணாம்பு மாதிரி. கிளிகளின் இறகுகளுக்கு நடுவே ஒட்டியிருந்ததைக் கோணி ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். தண்ணீர் பட்டதும் மரம் கறுத்துப்போனது, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்ல வெளுத்து, வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதன் தோல் நிறத்துக்கு வந்தது. வரிகள் தெரிந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் குனிந்தே இருந்தேன். ஆனால் அவர்கள் நின்றது எனக்குத் தெரியும்.

அடுத்து, இதற்கு மேல் என்ன பூசுவது என்பதுதான். வாசல் மேற்குப் பார்த்தது. மத்தியானத்திலிருந்து வெயில் நேராக விழும், ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும். வெறும் மரமாக விட்டால் ஒரே வருடத்தில் சாம்பல் பூத்துவிடும்.

மச்சான் பார்த்த உடனேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். பிரவுன் எனாமல். ரெண்டு கோட்டு அடித்தால் முடிந்தது வேலை, பளபள என்று இருக்கும், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். அவர் வீட்டுக் கதவும் அப்படித்தான். இவ்வளவு நாள் பெயிண்டைச் சுரண்டியது மறுபடி பெயிண்ட் அடிக்கவா என்று கேட்கத் தோன்றியது. "பாக்கலாம் மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

விழுப்புரத்தில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், வார்னிஷா பாலீஷா, உள்ளேயா வெளியேயா, மினுமினுப்பாகவா மங்கலாகவா என்று அடுக்கிக்கொண்டே போனார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். மறுநாள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். டப்பாக்களின் மேல் தமிழில் எழுதியிருந்த பொடி எழுத்துகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வார்னிஷ் கொஞ்சம், அரக்குப் பாலீஷ் கொஞ்சம், ஆளி விதை எண்ணெய் கொஞ்சம் என்று சின்னச் சின்ன டப்பாவாக வாங்கிவந்தேன். அதே வீட்டு நிலைக்கட்டையிலிருந்து அறுத்த துண்டு ஒன்றை மரக்கடைக்காரர் சும்மா தந்திருந்தார். அதில் கோடு கிழித்து, பக்கத்துக்கு ஒன்றாகப் பூசி, மாடிச் சுவரில் வெயிலில் வைத்தேன்.

தினமும் ஏறிப் போய்ப் பார்ப்பேன். அரக்குப் பாலீஷ் முதல் நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மழைத் தூறலில் வெள்ளைத் திட்டு விழுந்தது. வார்னிஷ் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியது போல. வெயிலில் இது ஒரு நாள் பொரிந்து கிளம்பும், அப்போது மறுபடி சுரண்ட வேண்டும் என்று பட்டது. எண்ணெய் பூசிய பக்கம்தான் எனக்குப் பிடித்தது. மேலே எதுவும் தெரியாது. மரம் அப்போதுதான் மழையில் நனைந்து நிற்பது போல இருக்கும், தொட்டால் மரத்தையே தொடுகிற மாதிரி. ஒரே குறை, வருடத்துக்கு ஒரு முறை துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. என் கதவுக்கு நான் தேய்க்கிறேன். எண்ணெய்தான் என்று முடிவு செய்தேன். வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, கதவை வாங்கியதைத் தவிர, நானாக எடுத்த ஒரே முடிவு. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குப் புடிச்சா போடுங்க, அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

எங்கள் தெருவைத் தாண்டினால் புதிதாகப் பிரித்த மனைகளும் பெரிய வீடுகளும் வருகின்றன. அங்கே இருப்பவர்கள் மெயின் ரோட்டுக்குப் போக எங்கள் காலனி வழியாகத்தான் வண்டியில் போவார்கள். நின்று பேசமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் நின்றது. அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, கையில் காய்கறிப் பை. வண்டியை விட்டு இறங்காமல் காலை ஊன்றியபடி கதவையே பார்த்தார்.

"இது எங்க வூட்டுக் கதவாச்சே. எங்க புடிச்ச?" என்றார்.

திண்டிவனத்தில் மரக்கடையில் வாங்கியது என்றேன்.  திருடிக்கொண்டு வந்தவன் போலப் பில்லைத் தேட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் கோபப்படவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கிளியைத் தடவினார். சிரித்தார்.

"இந்தக் கிளி மூக்க ஒடச்சதே நான்தான். கிட்டிப்புள்ள அடிச்சேன், நேரா இங்க வந்து பட்டுது. எங்கப்பா பின்னி எடுத்துட்டாரு." சொல்லிவிட்டு மரத்தை முட்டியால் தட்டிப் பார்த்தார். "நல்லா சொரண்டி வச்சிருக்க. பெயிண்டு கிண்டு அடிச்சிடாத. ஆயில் போடு. அந்தக் காலத்துல பெயிண்டே கெடையாது. பொங்கலுக்கு முன்ன எண்ணெய்தான் தேய்ப்பாங்க. உங்காளுங்கதான் வருவாங்க. ஒரு படி கேப்பை குடுத்தா போதும், பொழுது சாயற வரைக்கும் தேய்ச்சுக்கினே கெடப்பாங்க. அப்டி மின்னும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல யோசனை சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். தன் வீட்டுக் கதவு வீணாகாமல் நல்ல கையில் சேர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம்கூட. "உங்காளுங்க" என்று சொன்னபோது என் தோளைத் தட்டினார். "எங்க வூட்டு மரம்ப்பா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கடைசி வரை "ஆமாங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மா அந்தக் கதவைத் தொட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால், கதவில் பெயிண்ட் ஏறாத நாட்களில், அவளும் தொட்டிருக்கலாம். மாட்டுக்கொட்டகைக்கு வருகிறவர்களைத்தானே பொங்கலுக்கு முன்னால் வாசலுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். திறந்து உள்ளே போவதற்கு இல்லை, வெளிப்பக்கம் நின்று தேய்ப்பதற்கு. எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொன்னதில்லை. கேட்க அவளும் இல்லை.

மறுநாள் ஆளி விதை எண்ணெய் டப்பாவைத் திறந்து துணியில் தொட்டேன். கதவுக்குக் கிட்டே கொண்டுபோனேன். கை போகவில்லை. எவ்வளவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது என் கதவு, காசு கொடுத்து வாங்கியது, என் வாசலில் நிற்கப்போவது. ஆனால் வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் இந்தக் கதவின் முன் நின்று எண்ணெய் தேய்க்கப் போகிறவன் நான். அவர் அதே தெருவழியாகப் போவார். பார்ப்பார். தலையை ஆட்டி, நல்லா தேய்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார். நான் தேர்ந்தெடுத்த ஒன்றை, அவர் சொன்னதாலேயே செய்ததாக ஆக்கிவிட்டுப் போய்விட்டார். டப்பாவை மூடி வைத்தேன்.

நாட்கள் போயின. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கதவு மாட்டப்பட்டு, எதுவும் பூசாமல் நின்றது. மனைவி கேட்டாள், பார்க்கலாம் என்றேன். மச்சான் போனில் கேட்டார், பார்க்கலாம் என்றேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எந்த வீட்டுக் கதவு என்பதில் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே மறைத்ததை இப்போது எப்படி எடுப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை. விழா வரை வீட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் குடிசை போட்டுத்தான் தங்கியிருந்தோம். மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புதுக் கதவு வெறுமனே நிற்கிறதே என்று மனைவி மஞ்சளைக் குழைத்து, இரண்டு கதவிலும் மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். நிலைப்படிக்கும் பூசினாள். நான் குடிசைக்குள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் குரல் ஒரு மாதிரியாகக் கேட்டது. வந்து பார்த்தேன். நிலைப்படியில் பூசிய மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கதவில் பூசியது சிவந்துகொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்கு எதிரேயே ஓரத்திலிருந்து ஊறி, ரத்தம் வழிந்து காய்ந்தது போல ஆகிவிட்டது. கிளியின் கழுத்துக்குக் கீழே ஒரு பட்டை.

எனக்கு உடனே புரிந்தது. காஸ்டிக். எத்தனை குடம் ஊற்றிக் கழுவியும் மரத்துக்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிற மாதிரிதான் இதுவும். ஆரத்தித் தட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவளிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? ஆரத்தி நான் கரைக்கலியா?" என்றாள். "தட்டுல செவந்தா அது ஆரத்தி. கதவுல செவந்தா எப்டிங்க?"

 அவளே உள்ளே போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, பித்தளைக் குடம் துலக்குவது போலத் தேய்த்துக் கழுவினாள். சிவப்பு மறுபடி மஞ்சளாகி, அதுவும் பாதி போய், மரத்தில் ஒரு கறையாக நின்றது. அவள் கை வேகமாக ஓடியது, ஆனால் முகம் தெளியவில்லை. எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். கதவு எங்கே வாங்கியது, யார் வீட்டுக் கதவு, அந்த வீட்டில் என்ன நடந்ததோ என்று பேச்சு கிளம்பியது. மண்டியிலிருந்து திரும்பியபோது மச்சான் திண்டிவனத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். அவள் போன் செய்திருக்கிறாள்.

அவருக்குக் கதவு எந்த வீட்டுடையது என்பதும் தெரிந்துவிட்டது. மரக்கடைக்காரரை அவருக்குத் தெரியும்.

"ஏன் மாப்ள, உனக்கு ஊர்ல வேற கதவே கெடைக்கலியா?" என்றார். சத்தம் போடவில்லை. அவர் தாழ்ந்த குரலில் பேசினால்தான் எனக்குப் பயம். "தேக்கு, ரெட்டக் கதவு, கிளி. நம்ம தெருவுல இதத் தெறந்து வச்சிக்கினு ஒக்காந்தா போறவன் வர்றவன்லாம் எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்பான். ஒனக்கு வாயத் தெறந்து பதில் சொல்ல வருமா? நாந்தான் வந்து சொல்லணும். பிரவுன் அடிச்சி மூடு. மஞ்ச வச்சாலும் செவக்காது, ஒரு பய திரும்பியும் பாக்க மாட்டான்."

மனைவி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணன் சொல்ற மாதிரியே அடிச்சிடுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துவிட்டாள். ஆனால் என்னிடமிருந்து ஸ்கூட்டர்காரர் கைக்குப் போயிருந்த கதவு, அன்று மச்சான் கைக்கு மாறியது.

மறுநாள் மச்சானோடு திண்டிவனம் போனேன். அவருக்குத் தெரிந்த கடை, விலை குறைத்துத் தருவார்கள் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் தன் அலுவலகக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். கடையில் பிரவுன் எனாமலை எடுத்து வைக்கச் சொன்னார். பிரஷ், டர்பன்டைன் எல்லாம் அவரே சொன்னார்.

நான் ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒருவர், மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக்காரர், பிளாஸ்டிக் கேன் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார். கடை ஆள் இரும்பு டிரம்மிலிருந்து கறுப்பாக ஏதோ பிடித்து ஊற்றினார். தார் போலக் கெட்டி, ஆனால் ஓரத்தில் சிவப்பு மினுங்கியது. மூக்கை அரிக்கிற நாற்றம். முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கிற எண்ணெய், படகு மரத்துக்குப் பூசுவோம், உப்புத்தண்ணீரே உள்ளே போகாது, கரையான் செல்லும் அரிக்காது என்றார் அவர். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் தோல் வெந்துவிடும் என்று தன் முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

"இத கதவுக்குப் போடலாமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கடை ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போடலாம். ஆனா வாசக்கதவுக்கு யாரும் போட மாட்டாங்க. மாட்டுக்கொட்டாய் கம்பத்துக்குப் போடுவாங்க, மண்ணுல புதைக்கிற மரத்துக்குப் போடுவாங்க. ஒரு தபா போட்டீன்னா போட்டதுதான். மரத்துக்குள்ள எறங்கிடும், அப்புறம் எத்த வச்சி சொரண்டனாலும் வராது."

"எனக்கு அதுல ஒரு கேன் குடுங்க" என்றேன்.

மச்சான் முதலில் சிரித்தார், நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரர்கள் முன்னால் அவர் மேலே பேசவில்லை. வெளியே வந்ததும், "உனக்கு மறை கழண்டு போச்சா மாப்ள? நல்ல மரத்துல யாராச்சும் இத்தப் போய் ஊத்துவானா?" என்றார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர் எனாமல் டப்பாவோடு தன் வீட்டுக்குப் போனார். திரும்பும் பஸ்ஸில் அந்த நாற்றத்துக்கு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வழி முழுக்க எனக்குள் ஒரு மாதிரி தெம்பு இருந்தது. மச்சானும் சொல்லாதது, ஸ்கூட்டர்காரரும் சொல்லாதது. எவர் வாயிலும் வராத ஒன்று. அந்தத் தெம்பு கேனைத் திறந்து முதல் பிரஷ் போட்டவுடனேயே போய்விட்டது. வறுத்த மல்லாட்டைத் தோல் நிறத்தில் இருந்த மரம் பிரஷ் போன வழியெல்லாம் அணைந்துகொண்டே வந்தது. வரிகள் போயின. அப்போது நிறுத்தியிருந்தால் கீழ்ப்பாதி தப்பியிருக்கும். நிறுத்தவில்லை. கிளிகளை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அவற்றின் மேலும் பூசினேன். உடைந்த மூக்கும் உடையாத மூக்கும் ஒன்றாகிவிட்டன. மணிக்கட்டில் தெறித்த இடம் எரிந்து கொப்பளித்தது.

மனைவி உள்ளிருந்து வந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒங்களுக்கு யாரு மேலயோ கோவம்" என்றாள். "அத கதவு மேல ஏன் கொட்டறீங்க?"

அவளிடம்தான் முதல் முறையாகச் சொன்னேன், ஸ்கூட்டரில் வந்தவர் பேசியதை, என் அம்மாவை, கேப்பையை, எல்லாவற்றையும். பிரஷைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அண்ணனக் கூப்டிருக்க மாட்டேனே" என்றாள். முந்தானையை இறக்கிவிட்டு, "எண்ணெய நானே போட்டிருப்பேனே. எனக்கென்ன வந்துது?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அதற்குள் இரண்டு கதவும் முடிந்துவிட்டிருந்தன.

விழா நாளன்றும் அது முழுசாகக் காயவில்லை. மாவிலைத் தோரணம் கட்ட ஏறிய மச்சானின் புதுச்சட்டையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். உறவுக்காரப் பெண்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருக்களித்து நுழைந்தார்கள். மனைவியின் சித்தி மகன் கதவை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமா, படகு கிடகு வாங்கி வுடப்போறீங்களா? ஏரில தண்ணி கூட இல்லியே" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி மஞ்சளை நிலைப்படிக்கு மட்டும் பூசினாள். கதவில் வைத்தால் தெரியாது.

அந்த மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலமும் போனது. கதவு உப்பவில்லை, வெடிக்கவில்லை, ஒரு செல் வைக்கவில்லை. தெருவில் எனாமல் அடித்த கதவுகள் எல்லாம் பொரிந்து கிடக்கின்றன. மச்சான் வீட்டுக் கதவிலும் கீழ்ப்பகுதி கிளம்பிவிட்டது. பார்க்கிறவர்கள், நாத்தம் போயிட்டா நல்ல சரக்குதான் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போனார்கள். இதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மோசமாகப் போயிருந்தால் கழற்றிப் போட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

ஸ்கூட்டரில் வந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இடையில் வெளியூரில் பிள்ளை வீட்டில் இருந்திருக்கிறார். போன மாதம்தான் மறுபடி அந்த வழியாக வந்தார். நான் வாசலில் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிளி இருக்கும் இடத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

"அடடா. ஆயில்தானே போடச் சொன்னேன்? ஏம்ப்பா இப்டி பண்ண?" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எனக்கு இதாங்க புடிச்சிருக்குது" என்றேன். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்.

அவர் கிளி இருந்த இடத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "ஒன் வூடு, ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த வார்த்தையை யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவும் செய்தேன். அதை அவரே சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னது பொய். உள்ளே கதவுக்குப் பின்னால், அது பொய் என்று தெரிந்த என் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசும்போது நின்ற முறத்தின் சத்தம், அவர் போய் வெகு நேரமாகியும் திரும்ப ஆரம்பிக்கவில்லை.